தண்ணிதானே?

எங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மருந்து அனுப்பும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் பென்னாகரம் பக்கத்தில் நடந்தது மனுவாக உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. ஊசி மருந்துத் தூள் இருந்தது, அதைக் கரைக்கும் ஸ்டெரைல் வாட்டர், அதாவது ஊசிக்கென்றே சுத்திகரித்த தண்ணீர், இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ராத்திரியை மட்டும் சொல்கிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் 103. சிஸ்டர் கையில் குப்பியை வைத்துக்கொண்டு, "தம்பி, 10 மில்லி தண்ணி மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். மணி ஒன்பதரை. பக்கத்து மெடிக்கல் ஷட்டரை இறக்கியாச்சு. பென்னாகரம் வரை வண்டியில் போய், வீட்டுக்குக் கிளம்பிய கடைக்காரரை மறித்து வாங்கினேன். ஒரு டீ விலைகூட இல்லை. திரும்பும்போது பதினொன்று. அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அதே குப்பியோடு வாசலில் நின்றிருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் அப்புறம் வந்தது. மனு கொடுத்த அன்று உங்கள் அலுவலர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தண்ணிதானே, கொதிக்கவெச்சு ஆறவெச்சா போதாதா?" என்றார்.

போதாது ஐயா. கொதித்தால் கிருமி சாகும். அதன் உடம்பிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு சாகாது. ரத்தத்தில் கலந்தால் குளிரும் காய்ச்சலும்தான். கண்ணாடிக் குப்பியில் ஒட்டிய அந்த நஞ்சை அழிக்கவே 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் சுட வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் ஆவியாகிவிடும். அதனால்தான் காய்ச்சி வடிக்கிறார்கள். வடிக்கும்போதும் ஆவியோடு தெறிக்கும் துளியில் நஞ்சு ஏறிவிடும் என்று கண்டு, அதைத் தடுக்கும் வடிகலனை ஃபுளோரன்ஸ் சைபர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அம்மையார் 1920களிலேயே செய்துவிட்டார். நமக்கு இன்னும் அது வெறும் தண்ணி. அட, நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடையாவது நினைத்துப் பார்த்திருக்கலாமே? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், அது அப்படியே நிற்கும். பல்லில் கறையோடு வளர்ந்த தருமபுரிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒகேனக்கல் கொட்டுகிற மாவட்டம் இது. வருகிறவர்களுக்குப் பரிசல் தயார், எண்ணெய்க் குளியல் தயார். 10 மில்லி தண்ணீருக்கு மட்டும் நோயாளியின் மகன் வண்டி ஓட்ட வேண்டும். அதுவும் அந்த ரோட்டில்... சரி, ரோட்டுக்குத் தனி மடல் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். தூள் குப்பி எத்தனையோ, அந்தத் தண்ணீர் அடைத்த ஆம்பியூலும் அத்தனை அதே பெட்டியில் வரட்டும். இருப்புப் பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும். குப்பி மட்டும் தனியாக வர வேண்டாம். தயவுசெய்து.

அன்று கூடுதலாக வாங்கிய நான்கு ஆம்பியூலை சிஸ்டரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இந்நேரம் அவை தீர்ந்திருக்கும்.

பணிவுடன்,
அந்த நோயாளியின் மகன்