செயலாளர் ஆண்டறிக்கை: ஓடையும் தகர விலாங்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். எனக்குத் தரப்பட்ட நேரத்தில் பெரும்பகுதியை நம் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் பொரிருவா ஓடைக்கே எடுத்துக்கொள்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான வெலிங்டன் தெ பாப்பாவுக்கு அழைத்துச் சென்றதில்தான் இது தொடங்கியது. அங்கே மிஷேல் டஃபரி என்ற கலைஞர் 1994இல் செய்த காளைச் சிற்பத்தைப் பார்த்தார்கள். அவர் 1966இல் வெலிங்டனில் பிறந்தவர். சமோவா, ரரோடோங்கா, டஹிட்டி ஆகிய பசிபிக் தீவுகளின் வழி வந்தவர். மாட்டிறைச்சி டப்பாக்களைத் தட்டிப் பிரித்து, ஆணியடித்து இணைத்து, நிஜ மாட்டின் அளவில் அந்தக் காளையை நிறுத்தியிருக்கிறார். மாட்டிறைச்சி என்றதும் நம்மில் சில பெற்றோர் தயங்கினார்கள். ஆனால் அவருடைய கேள்வியே அந்த டப்பாவைப் பற்றியதுதான். சமோவாவில் டப்பா உணவுக்குப் பெயர் ‘பிசுபோ’. முதலில் வந்திறங்கிய பட்டாணி சூப்பின் ஆங்கிலப் பெயர் மருவி அப்படியானது. மீனும் சேப்பங்கிழங்கும் உண்ட தீவுகளில் இன்று கல்யாணத்துக்கும் சாவுக்கும் சீராக வைப்பது அந்த டப்பாவைத்தான். அதனால் உடம்புக்கும் மண்ணுக்கும் என்ன ஆயிற்று என்று அந்தக் காளை கேட்கிறது. மீன் டப்பாக்களிலேயே மீன்களையும் ஆமைகளையும் செய்தவர் அவர். கடல் வற்றினால் நமக்கு மிஞ்சுவது தகரம்தான் என்று எனக்குப் பட்டது.

திரும்பி வரும் வழியில் ஒரு சிறுமி, “நம்ம ஓடையில கிடக்குற டப்பாவுல நாம என்ன செய்யலாம் மாமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் நம்மை ஓடையில் இறக்கியது.

ஜான்சன்வில்லில் தொடங்கி, டாவா வழியாகப் பொரிருவா துறைமுகத்தில் கலக்கும் ஓடை இது. நாலைந்து சனிக்கிழமைகள் இறங்கி அள்ளினோம். அள்ளிய டப்பாக்களைக் கழுவி, பிள்ளைகள் ஒரு விலாங்கு செய்தார்கள். பக்கத்து வீட்டு சமோவா அம்மா வந்து பார்த்துவிட்டு, சினா என்ற பெண்ணின் கதையைச் சொன்னார். அவளை நேசித்த விலாங்கின் தலையைப் புதைத்த இடத்தில்தான் முதல் தென்னை முளைத்ததாம். தேங்காயின் மூன்று கண்களும் அதன் முகமாம். நாம் தினமும் உடைக்கும் தேங்காய்க்குள் இப்படி ஒரு கதை இருப்பது தெரிந்து நான் நெகிழ்ந்துபோனேன்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று விலாங்கை நம் பேச்சில் பழிக்கிறோம். இந்நாட்டுக்கே உரிய நெடுந்துடுப்பு விலாங்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. பல பத்தாண்டுகள் ஓடையிலேயே வாழ்ந்து, வாழ்வின் கடைசியில் ஒரே ஒருமுறை முட்டையிடக் கடலுக்குப் புறப்படுகிறது. டோங்கா பக்கத்து ஆழ்கடலுக்குப் போவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாய் திரும்புவதில்லை. கண்ணாடிபோன்ற குஞ்சுகள் மட்டும் நீரோட்டத்தில் மிதந்து வந்து ஓடையேறுகின்றன. அந்த இனம் இன்று குறைந்துகொண்டே வருகிறது.

நம் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். பொங்கலன்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அண்டாக்களை மண்டப வாகன நிறுத்துமிடத்தில் கழுவினோம். இங்கே சாலையோர வடிகால் நீர் சுத்திகரிப்புக்குப் போவதில்லை, நேரே ஓடைக்குப் போகிறது. ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டிய பிறகே எனக்குத் தெரிந்தது. முன்னின்று கழுவச் சொன்னவன் நான். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே இப்பொதுக்குழு இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டுகிறேன். பாத்திரங்களை இனி சமையலறைத் தொட்டியில் மட்டுமே கழுவுவது. விழாக்களுக்கு எவர்சில்வர் தட்டு, டம்ளர் வாங்குவது. கரையில் நாற்று நடும் நாளைப் பள்ளி விடுமுறையை ஒட்டி வைத்திருக்கிறோம். ரப்பர் பூட்ஸ் வைத்திருப்பவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். தகர விலாங்கு வாசலருகே இருக்கிறது. ஓரங்கள் கூர்மை, சிறு பிள்ளைகளைத் தொடவிட வேண்டாம்.

நன்றி.
செயலாளர்