மாண்டிசோரி முறை யாருக்காகப் பிறந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கல்விச் சிறப்புப் பகுதியில், மாண்டிசோரி முறை “சூட்டிகையான குழந்தைகளுக்கென்றே வகுக்கப்பட்டது” என்று ஒரு வரி. தங்கள் இதழை ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவள் நான். அந்த வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

இந்தக் கல்விமுறையை வகுத்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் எங்கே தொடங்கினார் என்பது தாங்கள் அறியாததல்ல. ரோம் நகர மனநலக் காப்பகங்களில் அடைந்து கிடந்த, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம்தான். 1900-இல் அவர்களுக்கான பள்ளியில் பொறுப்பேற்றார். காட்டில் பிடிபட்ட சிறுவன் விக்டருக்குப் பாடம் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் இத்தார், அவர் வழியில் இப்பிள்ளைகளுக்கென்றே பாரிஸில் பள்ளி நடத்திய செகென், இருவரின் நூல்களையும் தம் கைப்பட இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிப் படித்தார். வடிவங்களைக் குழியில் பொருத்தும் பலகை செகெனுடையது. மர எழுத்தை விரலால் தடவிப் பழகியவர்களும் அந்தப் பிள்ளைகளே. அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினார்கள். 1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் மற்றக் குழந்தைகளுக்கு அந்த முறை போனது அதற்குப் பிறகுதான்.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். எங்கள் ஊரில் அம்மையாரின் படம் மாட்டிய ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனேன். அலமாரியிலிருந்த வடிவப் பலகையை எடுத்து, வட்டத்தை அதன் குழியில் சரியாக வைத்தாள். ஆயா அதை வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டார். “மற்றப் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்களே புரிந்துகொள்ளுங்கள்” என்றார் தாளாளர். எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

பம்பாயில் 1944-இல் வக்கீல் என்ற குடும்பப் பெயருள்ள தம்பதியர் இதே குறைபாடுள்ள தங்கள் மகளுக்காகத் தாங்களே பள்ளி தொடங்கினார்கள். எத்தனை பெற்றோரால் அது முடியும்? மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் எங்கள் பிள்ளைகள் நடனமாடும் படத்தை வண்ணத்தில் போடுகிறீர்கள், மகிழ்ச்சி. தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலையும் சிறப்பாசிரியர்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் தங்கள் பக்கங்களில் இடமில்லாமல் போயிற்று. வருத்தம்தான், ஐயா.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதனருகே, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்ற, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவையும் கட்டம் கட்டி அச்சிடுங்கள். கத்தரித்து எடுத்துப் போக எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு தாய், திருச்சி