ஏழாவது பெட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கேஸ் கட்டுகளைக் கொஞ்ச நாள் ஜூனியர்கள் படித்துச் சொல்லட்டும், நீ கண்ணை மூடிக்கொண்டு கேள்.

உன் மகள் சட்டம் படிக்கச் சேர்ந்ததும், "தப்பு பண்ணினவங்களுக்காக மாமா எப்படி வாதாடறார்?" என்று கேட்டதும் படித்தேன். மூன்று வருஷமாக நான் செய்வது வேறு வேலை என்று அவளிடம் சொல். இங்கே அமெரிக்காவில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் எங்கள் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில், தீர்ப்பாகி உள்ளே போனவர்களில் தப்பாகத் தண்டிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சின்னப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில்தான் இருக்கிறேன். கிளாரன்ஸ் எர்ல் கிடியன் ஃபுளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவால்தான், வக்கீல் வைக்க வசதியில்லாதவனுக்கு அரசே வைத்துத் தர வேண்டும் என்று 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த உரிமை விசாரணையோடும் முதல் மேல்முறையீட்டோடும் நின்றுவிடுகிறது. அப்புறம் யாராவது கேஸை எடுத்தால் உண்டு, இல்லையென்றால் சிறை நூலகத்தில் உட்கார்ந்து தானே எழுத வேண்டியதுதான்.

இப்போது என் கையில் இருக்கும் கட்சிக்காரருக்கு 43 வயது. கைதானபோது 19. ஒரு துப்பாக்கிச் சூடு. ஒரே ஒரு கண்ணால் கண்ட சாட்சி. கைரேகை இல்லை, துப்பாக்கி கிடைக்கவில்லை. காவல்துறைக் கோப்புகளை மனுப் போட்டு, எட்டு மாதம் காத்திருந்து வாங்கினோம். பதினொரு பெட்டிகள். ஏழாவதில், ஒரு பெட்ரோல் ரசீதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் தாள். ஆறு படங்களைச் சாட்சியிடம் காட்டிய அன்று ஒரு போலீஸ்காரர் கையால் எழுதிய குறிப்பு: "மூன்றாவது படம். இவராக இருக்கலாம். முகம் சரியாகப் பார்க்கவில்லை என்கிறார்."

பதினான்கு மாதம் கழித்துக் கோர்ட்டில் அதே சாட்சி சொன்னது விசாரணைப் பதிவில் இருக்கிறது: "சந்தேகமே இல்லை. அந்த முகம் சாகும்வரை மறக்காது." குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு அது போதுமாக இருந்தது. மஞ்சள் தாளை, அன்று என் கட்சிக்காரருக்காக வாதாடிய வக்கீல் பார்த்ததே இல்லை.

சாட்சி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இதை உன் மகளுக்கு நிதானமாகச் சொல். படத்தில் பார்த்த முகம், "சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்" என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தை, கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலியில் அதே முகம்: இவை சேரச் சேர நினைவு இறுகிப் போகிறது. வட கரோலினாவில் ரொனால்ட் காட்டன் என்பவரைப் பாதிக்கப்பட்ட பெண்ணே அடையாளம் காட்டினார். 1987-ல் மறு விசாரணையின்போது உண்மைக் குற்றவாளியையே கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியும், இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். காட்டன் பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 1995-ல் டிஎன்ஏ சோதனை அவரை வெளியே கொண்டுவந்தது. எங்கள் கேஸில் அந்தக் கொடுப்பினையும் இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு சொட்டு ரத்தம்கூட மிச்சமில்லை.

அதனால்தான் அந்தத் தாளைப் பிடித்துத் தொங்குகிறோம். "இவர் நிரபராதி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் ஃபெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசின் நீதிமன்றம், பொதுவாகக் கதவைத் திறக்காது. உச்ச நீதிமன்றத்தின் 1993-ம் வருஷத்து ஹெரேரா தீர்ப்பு அப்படி. விசாரணையில் அரசியல் சட்டம் மீறப்பட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. அரசுத் தரப்பு தனக்குப் பாதகமான சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பது 1963-ன் பிரேடி தீர்ப்பு. ஒரு மனிதன் அந்தக் காரியத்தைச் செய்யவே இல்லை என்பதைவிட, ஒரு தாள் கைமாறவில்லை என்பதற்குச் சட்டத்தில் வலு அதிகம். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது ஜீரணமாகவில்லை.

இன்னொன்று. பரோல் குழு மூன்று தடவை அவரைக் கூப்பிட்டது. செய்த காரியத்துக்கு வருந்துகிறாயா என்பதுதான் முக்கியமான கேள்வி. "ஆமாம்" என்றிருந்தால் எப்போதோ வெளியே வந்திருப்பார். மூன்று தடவையும் "செத்துப்போனவருக்காக வருந்துகிறேன், ஆனால் நான் செய்யவில்லை" என்றிருக்கிறார். மூன்று தடவையும் மறுத்துவிட்டார்கள். நானாக இருந்தால் இரண்டாவது தடவையே ஒப்புக்கொண்டிருப்பேன்.

தாள் கிடைத்த அன்று சாயங்காலம் சிறைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த வரியைப் படியுங்கள்" என்றார். படித்தேன். "இன்னொரு தடவை." படித்தேன். "முகம் சரியாகப் பார்க்கவில்லை" என்ற இடத்தில் என்னோடு சேர்ந்து அவரும் மெதுவாகச் சொன்னார்.

அடுத்த மாதம் விசாரணை. முடிந்ததும் எழுதுகிறேன். சொட்டு மருந்தை மறக்காதே. மகளை எனக்கு நேராகவே எழுதச் சொல்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்