கூட்டம் என்று எழுதுமுன் தூரத்தைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களில் வானியல் செய்திகள் முன்பைவிட அதிகமாக வருவது மகிழ்ச்சி. ஆனால் அவற்றில் ஒரு குறை தொடர்ந்து தென்படுகிறது. சப்தரிஷி மண்டலம், கார்த்திகை விண்மீன் கொத்து, கன்னி ராசியின் திசையில் உள்ள கேலக்ஸிக் கொத்து, லானியாக்கியா என்ற கேலக்ஸிப் பெருந்தொகுதி ஆகிய நான்கையும் சிறியதிலிருந்து பெரியது என்று வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். அளவு மட்டும்தான் மாறுகிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் இந்த நான்கில் கார்த்திகையும் கன்னிக் கொத்தும்தான் தத்தம் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு நிற்பவை. முதலாவதும் கடைசியும் அப்படியல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எத்தனை கோடி ஒளியாண்டு என்று எழுதினாலும் செய்தி பாதிதான்.

பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரே திசையில் தெரியும் விண்மீன்களைக் கோடு போட்டு இணைத்தவையே வானத்து உருவங்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் வானத்தை இப்படி 88 பகுதிகளாகப் பிரித்து எல்லை வகுத்திருக்கிறது; அது நிலப்பட எல்லை போன்றது, அவ்வளவுதான். சப்தரிஷி மண்டலம் மட்டும் கொஞ்சம் வேடிக்கையானது. அதன் ஏழு விண்மீன்களில் நடுவிலுள்ள ஐந்தும் ஏறத்தாழ 80 ஒளியாண்டு தூரத்தில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன. இரு முனைகளிலும் உள்ள கிரதுவும் மரீசியும் 100 ஒளியாண்டுக்கு அப்பால், வேறு வழியில் போகின்றன. அந்த ஐந்தும்கூட ஒன்றாகப் பிறந்து, இப்போது மெல்லப் பிரிந்துகொண்டிருப்பவையே. சேர்ந்து நகர்வது வேறு, கட்டுண்டு இருப்பது வேறு.

ரோகிணி இன்னும் தெளிவான சான்று. ரிஷப ராசியில் ‘வி’ வடிவில் தெரியும் ஹயடீஸ் கொத்தின் ஒரு முனையில் அது செம்மஞ்சளாக ஒளிர்கிறது. பார்ப்பவர் எவரும் அதையும் கொத்தின் உறுப்பாகவே எண்ணுவார். ஹயடீஸ் சுமார் 150 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ரோகிணியோ 65 ஒளியாண்டில், பாதி வழியிலேயே நிற்கிறது.

ஆக, முதல் கேள்வி தூரம். அதை அளப்பதிலும் தவறு நேரும். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் பெயர்வதுபோல் தோன்றும் கோணத்தை அளந்துதான் தூரம் கணக்கிடப்படுகிறது. கார்த்திகைக்கு அந்தக் கோணம் ஒரு விகலையில், அதாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கில், ஆயிரத்தில் ஏழு பங்கு சொச்சம்தான். ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் அளவீடு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிசகியதால், கார்த்திகை 390 ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாகக் கணக்கு வந்தது. மற்ற முறைகள் 440 என்றன. பல ஆண்டு நீடித்த இந்த வழக்கை 2014-இல் ரேடியோ தொலைநோக்கி அளவீடுகளும், பின்னர் கயா விண்கலமும் 440 பக்கம் முடித்துவைத்தன.

கார்த்திகை போன்ற திறந்த கொத்துகளில் சில நூறு முதல் சில ஆயிரம் விண்மீன்கள் இருக்கும். உள்ளுக்குள்ளேயே ஒன்றையொன்று இழுத்து வெளியே தள்ளுவதாலும், கடந்து போகும் வாயு மேகங்களின் இழுப்பாலும், பெரும்பாலானவை சில பத்துக் கோடி ஆண்டுகளில் கலைந்துவிடும். லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் கோளக் கொத்துகள் எளிதில் கலைவதில்லை. 1,000 கோடி ஆண்டுக்கும் மேலாக நிற்கின்றன. நம் பால்வெளியில் இவை 150-க்கும் அதிகம்.

கேலக்ஸிகளுக்கு வந்தால் கோணத்தை அளக்கும் முறை எடுபடாது. நிறமாலையின் கோடுகள் சிவப்பு நோக்கி எவ்வளவு நகர்ந்துள்ளன என்று பார்த்து, விலகும் வேகத்தையும், அந்த வேகத்திலிருந்து தூரத்தையும் கணிக்கிறார்கள். பிரபஞ்சம் விரிவதால் தூரம் கூடக் கூட இந்த வேகமும் கூடும்: 33 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு சுமார் 70 கிலோமீட்டர் என்பது தோராயக் கணக்கு. மிக அருகில் இருப்பவற்றுக்கு இதுவும் உதவாது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடா விலகவில்லை, நெருங்குகிறது. 1912-இல் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் முதன்முதலில் அளந்தபோது கிடைத்த வேகம் நொடிக்கு 300 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி, பால்வெளியைச் சூரியன் சுற்றிவரும் வேகம். அதைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 110.

வேகமும் தூரமும் எப்படிக் குழப்பும் என்பதற்கு ‘ஸ்டீபனின் ஐவர்’ நல்ல பாடம். 1877-இல் கண்டறியப்பட்ட இந்த ஐந்து கேலக்ஸிகளின் படத்தை 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்தபோது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அவற்றில் ஒன்றான என்ஜிசி 7320-இன் விலகு வேகம் நொடிக்கு சுமார் 800 கிலோமீட்டர். மற்ற நான்குக்கும் 5,700 முதல் 6,800 வரை. முதலாவது 4 கோடி ஒளியாண்டில், மற்றவை 29 கோடி ஒளியாண்டில். ஐவர் என்பது நால்வரும், வழியில் குறுக்கிட்ட ஒருவரும். ஆனால் அந்த நால்வரிலும் ஒன்று மற்ற மூன்றோடு நொடிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேறுபடுகிறது. சூத்திரத்தை அப்படியே போட்டால் அது 4 கோடி ஒளியாண்டு முன்னால் இருக்க வேண்டும். இருப்பதோ அவற்றின் நடுவில்தான்: வாயுவில் மோதி அது எழுப்பிய அதிர்ச்சி அலை எக்ஸ் கதிரிலும் அகச்சிவப்பிலும் தெரிகிறது. முதல் வேறுபாடு தூரத்தால் வந்தது. இரண்டாவது, ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்ததால் வந்தது.

பெரிய கொத்துகளில் இதே சிக்கல் வரைபடத்தையே கோணலாக்குகிறது. 32 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள கோமா கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் இங்குமங்கும் ஓடுகின்றன. அந்த வேகத்தைத் தூரமாக மாற்றினால், ஓரிரு கோடி ஒளியாண்டு அகலக் கொத்து நம்மை நோக்கி நீட்டிய விரல்போல் 4 கோடி ஒளியாண்டுக்கும் மேல் இழுபட்டுத் தெரியும். பெரிய வரைபடங்களில் பூமியைச் சுட்டும் நீள்கோடுகள் கண்டால் அவை இவைதான். அப்படி ஒரு பொருள் அங்கே கிடையாது.

இன்னொரு பிசகு கருவியிலிருந்து வருகிறது. கேலக்ஸிகளின் நிறமாலையைப் பெருமளவில் பதிவுசெய்த ஸ்லோன் வான அளவாய்வில், ஒவ்வொரு கேலக்ஸியின் ஒளியையும் கருவிக்குக் கொண்டுசெல்ல ஓர் ஒளியிழை வேண்டியிருந்தது. இழைகளைச் செருகும் தகடு ஒன்றில் இரு இழைகளை 55 விகலைக்குள் பொருத்த முடியவில்லை. நெரிசலான கொத்தின் நடுவில்தான் கேலக்ஸிகள் அதைவிட நெருக்கமாக இருக்கும். எனவே எங்கு அதிகம் எண்ண வேண்டுமோ அங்கேயே சில விடுபட்டன. பிறகு திருத்தம் சேர்க்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு கோமா கட்டுண்டது என்று எப்படிச் சொல்கிறோம்? உறுப்புகளின் வேகத்தின் வர்க்கத்தைக் கொத்தின் ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறையின் தோராயம் கிடைக்கும். 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி இவ்வழியில் கணக்கிட்டபோது, கண்ணில் படும் விண்மீன்களின் நிறை கொஞ்சமும் போதவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் பற்றிய பேச்சு அங்கிருந்து வலுத்தது. கொத்து முழுவதும் நிரம்பியுள்ள, பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு எக்ஸ் கதிர் வீசுவது தனிச் சான்று. ஆழமான ஈர்ப்புக் குழி இல்லையென்றால் அவ்வளவு சூடான வாயு எப்போதோ சிதறியிருக்கும்.

இனி லானியாக்கியா. 2014-இல் பிரென்ட் டுல்லி குழு வரைந்த இந்தப் பெருந்தொகுதியின் குறுக்களவு சுமார் 52 கோடி ஒளியாண்டு. மழைநீர் எந்த ஆற்றுக்கு வடிகிறது என்று பார்த்து நீர்ப்பிடிப்பு எல்லை வகுப்பதுபோல, கேலக்ஸிகளின் ஓட்டம் எத்திசையில் சாய்கிறது என்று பார்த்துப் போட்ட எல்லை அது. நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் 33 லட்சம் ஒளியாண்டைக் கடக்க ஏறத்தாழ 100 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. ஒரு கொத்தின் உறுப்புகள் அதற்குள் பலமுறை குறுக்கே போய்வந்திருக்கும். லானியாக்கியாவைக் கடக்க 15,000 கோடி ஆண்டுக்கு மேல் வேண்டும். பிரபஞ்ச விரிவின் வேகம் கூடிக்கொண்டே போவதால் அது ஒன்றுசேரப் போவதும் இல்லை, பிரியும். இது ஷாப்லி என்ற பெருந்தொகுதியை நோக்கிச் சாயும் மேலும் பெரிய வடிநிலத்தின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்று 2024-இல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லை மாறியதற்குக் காரணம் தரவு மாறியது. வானில் எதுவும் இடம்மாறவில்லை.

ஆகவே இத்தகைய செய்திகளில் நான்கு எண்களைக் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறோம்: நம்மிடமிருந்து தூரம், உறுப்புகளுக்கிடையே முன்பின் தூர வேறுபாடு, வேகங்களின் பரவல், எந்த இடைவெளிக்குள் இருந்தால் ‘அண்டை’ என்று ஆய்வாளர்கள் கொண்டார்கள் என்பது. கடைசியை யாரும் கேட்பதில்லை. அதைச் சற்றுக் கூட்டினால் தனித்தனிக் கொத்துகள் ஒரே தொகுதியாகிவிடும். குறைத்தால் ஒரு தொகுதி நான்காக உடையும். 2017-இல் இந்திய ஆய்வாளர்கள் அறிவித்த சரஸ்வதி பெருந்தொகுதி 60 கோடி ஒளியாண்டு நீளம், 43 கொத்துகள் கொண்டது. அதன் நடுப்பகுதி மட்டும் சுருங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை ஆய்வுக் கட்டுரை தனியே குறித்தது. நீளத்துக்குத் தரும் இடத்தில் பாதியாவது அந்த வரிக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
வானியல் கற்பிக்கும் வாசகர்கள்