உலருணவுக் களஞ்சியம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கும் வணக்கம்.

களஞ்சியம் இவ்வாண்டும் பழைய பிள்ளைக் காம்பராவிலேயே (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இயங்கியது. சம்பளம் 10ஆம் திகதி என்பதால் மாதத்தின் முதல் வாரத்தில்தான் கடைக் கடனும் எல்லையை முட்டுகிறது, அரிசி டின்னும் காலியாகிறது. பொதி வழங்குவதும் அந்த வாரத்திலேயே, கொழுந்து நிறுத்துக் கொடுத்து வந்த பிறகு, மாலையில். வெயில் காலமான ஜனவரி முதல் மார்ச் வரை கொழுந்து குறைந்து பலருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். அந்த மூன்று மாதமும் மாதத்துக்கு இரண்டு தடவை கொடுத்தோம்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரப் பொதியில் நாட்டரிசி 5 கிலோ, கோதுமை மா 3 கிலோ, மைசூர்ப் பருப்பு 1 கிலோ, சீனி 1 கிலோ, நெத்தலி 250 கிராம், சோயா மீட் 2 பக்கற். மாவைக் குறைக்கச் சிலர் சொன்னார்கள். விடிகாலையில் ரொட்டி சுட்டு மலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு மாதான் முதல் தேவை, குறைக்க முடியாது. செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) பேர் உள்ளவர்களுக்குத் தோட்டமே தேயிலைத்தூள் கொடுப்பதால், வேலையை விட்டு நின்ற முதியவர்களின் பொதியில் மட்டும் தூள் சேர்க்கிறோம்.

நன்கொடையாக வரும் கொண்டைக்கடலை தேங்கி நிற்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தாலும் சூடு குறைவு. இரவெல்லாம் ஊறவைத்தாலும் வேக நேரமெடுக்கும், விறகும் தீரும். கொடுப்பவர்களிடம் பருப்பே கேளுங்கள்.

பெரிய தொல்லை ஈரம்தான். ஜூன் மழை பிடித்தால் கருங்கல் சுவர் வியர்க்கும். சுவரில் சாய்த்த மூட்டைதான் முதலில் கெடும். பலகை தரையிலிருந்து அரை அடி உயரத்திலும் மூட்டை சுவரிலிருந்து ஓரடி தள்ளியும் இருக்கவேண்டும். மாவை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் கொட்டி, வந்த திகதியை மூடியில் எழுதி, பழையதை முதலில் எடுக்கவேண்டும். ஒரு பிடி மாவை இறுக்கிப் பாருங்கள்: கட்டி உதிராமல் புளித்த வாடை வந்தால் யாருக்கும் கொடுக்கக்கூடாது. வண்டு விழுந்த அரிசியை வெயிலில் காயவைத்துப் புடைத்துக் கொடுக்கலாம். கருவாட்டு உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் நெத்தலிக்குத் தனி அலுமாரி.

பொதியில் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே. வாங்குகிறவர்களை நிறுத்திப் படம் எடுக்கக் கேட்ட நன்கொடையாளர்களுக்கு மறுப்புச் சொல்லிவிட்டோம், இனியும் அப்படியே. படியேற முடியாதவர்களுக்கு இளைஞர் கழகத்துத் தம்பிமார் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே (தொழிலாளர் வரிசை வீடுகள்) கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

அடுத்த மழைக்கு முன் கூரைத் தகரம் இரண்டு மாற்றவேண்டும். செலவு விபரத்தைப் பொருளாளர் தமது கணக்கறிக்கையில் சமர்ப்பிப்பார்.

செயலாளர்