ஆன்டெனா கம்பத்தை இறக்கிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இதே பகுதியில் திருவொற்றியூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வடசென்னையில் ஆன்டெனா வைத்தவர் எவருக்கும் படம் ஒழுங்காகத் தெரிந்ததில்லையாம். மொட்டை மாடிகளில் மிச்சமிருக்கிற கம்பங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமாம். துருப்பிடித்து ஆடுகிற கம்பம் புயல் நாளில் யார் தலையிலாவது விழும் என்று அவர் பயப்படுவது நியாயம். அப்படிப்பட்டதை இறக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பகுதிக்குப் படமே வராது என்று எழுதியதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 1981-இல் பழைய வண்ணாரப்பேட்டை ரேடியோ கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதிருந்து ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மாடிகளில் ஆன்டெனா கட்டியவன் நான். படம் தெரியவில்லை என்றால் அது கட்டிய விதத்தின் குறை. ஊரின் குறை இல்லை.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் கோபுரம் சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில் நிற்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து அது நேராகத் தெற்கே ஆறேழு கிலோமீட்டர்தான். அந்த அன்பரின் திருவொற்றியூரிலிருந்து பத்து. பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களுக்குத் தென்கிழக்கு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம்போலக் குறுக்கே குன்று எதுவும் கிடையாது. தரை முழுக்கச் சமம். ஒரு பக்கம் கடல் திறந்து கிடக்கிறது. தொழில் தெரிந்த எவரைக் கேட்டாலும் ஆன்டெனாவுக்கு இதைவிட நல்ல இடம் கேட்க முடியாது என்பார்கள்.

பிறகு ஏன் அவ்வளவு வீடுகளில் படம் கெட்டது? காசிமேட்டில் எனக்கு முதலில் புரிந்தது உப்புக்காற்று. அலுமினியக் குழாய் தாங்கும். அதை முடுக்குகிற இரும்பு நட்டு ஒரே மழைக்காலத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஒயர் சேருகிற இடத்தில் பச்சை பூத்துவிடும். படத்தில் கொசு மொய்ப்பதுபோலப் புள்ளி வந்ததும் ஜனங்கள் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்க ஓடுவார்கள். நான் மாடிக்குப் போய் அந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, பித்தளை நட்டு போட்டு, மேலே கிரீஸ் தடவிவிட்டு வருவேன். முக்கால்வாசி வீடுகளுக்கு அதுவே போதும்.

அடுத்தது ஒயர். அந்தக் காலத்துப் பட்டை ஒயரைச் சுவரோடு ஒட்டி ஆணி அடித்து இறக்குவார்கள். நனைந்த சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தால் சிக்னல் வழியிலேயே குறைந்துவிடும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, பிளாஸ்டிக் கட்டை வைத்துக் கொண்டுவர வேண்டும். பிற்காலத்தில் உருண்டை ஒயர் வந்தபோது வேறொரு தப்பு. பட்டை ஒயர் 300 ஓம், உருண்டை ஒயர் 75 ஓம். இரண்டையும் பொருத்திவைக்க நடுவில் பேலன் என்று ஒரு சின்ன டப்பா வேண்டும். அதைப் போடாமல் நேராக முறுக்கிவிட்டுப் போன வேலைகளை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன்.

இரட்டைப் படம் வேறு கதை. முகத்துக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு முகம் தெரியும். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், ஏதாவது பெரிய இரும்பில் மோதித் திரும்பி வரும் அலையும் சேர்ந்து வந்தால் அப்படி ஆகும். துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. அதற்கப்புறம் ராயபுரத்தில் சில வீடுகளில் கிரேன் நகர்ந்தால் நிழலும் நகரும். அதற்கு மருந்து உயரம் இல்லை. அதே மாடியில் ஆன்டெனாவை நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பதுதான். தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வைத்தபோது தெளிந்த படங்களும் உண்டு. "மேலே போனால்தானே நல்லா வரும்?" என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சின்ன கறுப்பு வெள்ளை டிவி ஒன்றை மாடிக்கே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கண்முன்னால் காட்டுவேன். கீழே இருந்து ஒருவர் கத்த, மேலே இருந்து ஒருவர் திருப்ப, அப்படி வேலை செய்தால் சரியான இடம் கிடைக்கவே கிடைக்காது.

கோடையில் சில சாயங்காலங்களில், கடல்மேல் காற்று அசையாமல் கிடக்கும்போது, இதே தெருக்களில் இலங்கையின் ரூபவாஹினி டிவி தெரிந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நானூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த படம் அது. கடல்பரப்பின்மேல் காற்று சூடும் குளிருமாக அடுக்கடுக்காக நின்றால் அலை நேராக வானத்துக்குப் போகாமல் வளைந்து நம் பக்கம் வந்துவிடும். அதுவும் தெற்கிலிருந்துதான். அதனால் ஆன்டெனாவைத் திருப்பக்கூட வேண்டியதில்லை.

அப்புறம் கேபிள் வந்தது. 2003-இல் சென்னையில் கேபிளுக்கு செட்டாப் பாக்ஸ் வந்தது. 2006-லிருந்து அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. வீட்டுக்கு வீடு டிவி, டிவிக்கு ஒரு கேபிள் என்றாகிவிட்டது. ஆன்டெனாக்களைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் கோபம் இல்லை. தமிழில் அத்தனை சேனல்கள் வந்தபோது யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நான் இந்தக் கடிதத்தை எழுதுவது அதற்குப் பிறகு நடந்ததற்காக. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிவிபி-டி2 என்கிற டிஜிட்டல் முறையில், கோபுரத்திலிருந்து நேராக வீட்டு ஆன்டெனாவுக்கு வரும் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னையும் அதில் ஒன்று. மாதக் கட்டணம் கிடையாது. அந்த அலையைப் பிடித்துப் படமாக்கும் டியூனர் உள்ள டிவியும் ஒரு ஆன்டெனாவும் போதும். இந்த விஷயம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே காசிமேட்டில் ஒரு ஆயா கூப்பிட்டபோதுதான் அதை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

அந்த ஆயாவின் மகன் விசைப்படகில் போகிறவர். கேபிளுக்கு மாதாமாதம் காசு கட்ட முடியவில்லை என்று, யாரோ சொல்லி, ஒரு கடையில் 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிவந்து ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். படம் வரவில்லை. "இன்னா நைனா, துட்டு போனதுதான் மிச்சமா?" என்று கேட்டார். டிஜிட்டல் ஆன்டெனா என்று தனியாக ஒரு சாமான் உலகத்தில் கிடையாது, ஆசிரியர் ஐயா. ஆன்டெனாவுக்கு வருகிற அலை அனலாக்கா டிஜிட்டலா என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அலையின் நீளம் ஒன்றுதான். அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பூஸ்டரும் ஒரு விரல் நீளக் கம்பியும் இருந்தன. சுற்றிலும் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், அதற்குள் அது என்ன செய்யும்?

மறுநாள் அலுமினியக் கம்பி வெட்டி நானே ஒன்று செய்தேன். 500 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலை 60 சென்டிமீட்டர். அதில் பாதி 30. கம்பி அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கைக்கணக்கில் சொன்னால் ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குக் கீழ். பின்னால் சற்று நீளமாக ஒன்று, முன்னால் சற்றுக் குட்டையாக நான்கு, மீன்முள் மாதிரி. கம்பிகள் தரைக்குப் படுக்கையாக, குட்டைப் பக்கம் தெற்கே பார்த்தபடி இருந்தன. நாலாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் கட்டி ஒயரை இறக்கினேன். தூர்தர்ஷனின் ஐந்து சேனல்களும் பளிச்சென்று வந்தன. அந்தத் தெளிவை 1981-இல் என் முதலாளி பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

டிஜிட்டலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொசு மொய்க்கிற பாதிப் படம் இதில் இல்லை. ஒன்று முழுசாக வரும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆகவே கண்ணால் பார்த்துத் திருப்ப முடியாது. டிவியின் மெனுவில் சிக்னல் பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். தரத்தை மட்டும் பாருங்கள். பூஸ்டர் பலத்தைக் கூட்டும். வருகிற இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும், தரம் அப்படியே கிடக்கும். நம் பகுதியில் கோபுரம் இவ்வளவு கிட்டத்தில் இருக்க, பூஸ்டர் பல நேரம் கெடுதலே செய்கிறது. இன்னொன்று, பழைய டிவியில் நேராக ஆன்டெனாவைச் செருகிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று சொல்கிறவர்கள் பலர். பழைய அனலாக் ஒளிபரப்பு 2022-க்குள் நாடு முழுவதும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த டிவிக்கு அதன் மொழியில் பேச இப்போது ஆள் இல்லை. ஆன்டெனாவின் மேல் பழி போடக்கூடாது.

டிஷ் இருக்கிறதே என்பார்கள். தூர்தர்ஷனின் இலவச டிஷ் 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நல்ல ஏற்பாடு. நானே நிறைய வீடுகளுக்கு மாட்டியிருக்கிறேன். 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிற ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கி, சென்னையிலிருந்து தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்துக்குப் பார்க்க வேண்டும். ஆனால் டிஷ் பார்ப்பது ஊசி முனை மாதிரி. இரண்டு மூன்று டிகிரி விலகினால் போச்சு. அந்த அலையின் நீளம் சில சென்டிமீட்டர்தான், கனமழையே அதை விழுங்கிவிடும். நான் செய்த மீன்முள்ளுக்கு இருபது டிகிரி திரும்பினாலும் பெரிய நஷ்டமில்லை, மழையைப் பற்றியும் கவலையில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வந்தபோது காற்றில் நேராக வருகிற அலையின் அருமை தெரிந்தது. எங்கள் தெருவில் கரண்டு போனது, தூணுக்குத் தூண் கட்டிய கேபிள் அறுந்தது, செல்போனில் சிக்னல் இல்லை. டிஷ்கள் எல்லாம் திசைக்கொன்றாகத் திரும்பி நின்றன. அன்று ராத்திரி தெருவில் பேசியது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி. பதினைந்து இருபது பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று அந்த ஆயாவும் அங்கேதான் இருந்தார். தெருவில் உள்ள ஒயரை நம்பாமல் காற்றில் நேராக வருகிற ஒன்று ஒவ்வொரு பேட்டையிலும் நாலு வீட்டிலாவது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோதும் அதையேதான் நினைத்தேன்.

இப்போது செல்போனுக்கே இணையம் இல்லாமல் நேரடி ஒளிபரப்பு வரப்போவதாகச் சொல்கிறார்கள். 19 நகரங்களில் சோதனை நடத்தப்போவதாகவும், 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்கு ஒதுக்க முயற்சி நடப்பதாகவும் 2024 ஜனவரியில் மத்திய தகவல் ஒளிபரப்புத் துறைச் செயலாளர் கூறியது செய்திகளில் வந்தது. அந்த அலைக்கான கம்பியும் ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குக் கீழ் என்கிற அதே கணக்குக்குள்தான் வரும். ஆகவே பழைய ஆன்டெனாவின் நீளக் கம்பிகள் இதற்கு உதவாது. உச்சியில் உள்ள ஆன்டெனாத் தலையை மாற்றிக்கொள்ளலாம், கம்பம் வேண்டும். ஒழுங்காகக் கட்டிய கம்பம் புயலில் விழாது. என் வீட்டு மாடியில் இருப்பது பன்னிரண்டு அடி ஜி.ஐ. பைப். மூன்று பக்கம் ஸ்டே கம்பி, அடியில் எர்த். வார்தாவிலும் மிக்ஜாமிலும் அசையவில்லை.

ஆசிரியர் ஐயா, நாளை எந்தெந்தத் தெருவில் மின்தடை என்று பெயர் போட்டு அச்சிடுகிறீர்கள். அதேபோல வாரத்துக்கு ஒருநாள் நாலு வரி போட முடியுமா? சென்னையில் இன்றைக்குத் தரைவழியாக என்னென்ன சேனல் வருகிறது, எந்த அலைவரிசை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. ஒளிபரப்புகிறவர்களிடமிருந்து அதைக் கேட்டு வாங்கும் வலு உங்கள் பத்திரிகைக்கு உண்டு. அலைவரிசை தெரிந்துவிட்டால் கம்பியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்று ஒரு பள்ளிக்கூடப் பையனே கணக்குப் போட்டுவிடுவான். நிறுத்துவதென்று முடிவெடுத்தால் அதையும் முன்கூட்டியே சொல்லட்டும். காசிமேட்டு ஆயா மாதிரி ஆட்கள் கடையில் ஏமாறாமல் இருப்பார்கள்.

திருவொற்றியூர் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். கழற்றுவதற்கு முன் உங்கள் பத்திரிகை அலுவலகம் மூலம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திசைகாட்டியும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு வருகிறேன். கம்பம் துருப்பிடித்திருந்தால் நானே கூட நின்று இறக்கித் தருகிறேன். நன்றாக இருந்தால் தலையை மாற்றி, தெற்கே திருப்பிக் காட்டுகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிவி மெக்கானிக்,
தண்டையார்பேட்டை, சென்னை.