22 கிலோவோல்ட் சுவிட்ச்கியரின் 110 வோல்ட் டிசி பேட்டரி: பராமரிப்பு அறிக்கைகள் குறித்த புகார்

பெறுநர்
சேவைப் பிரிவு மேலாளர்

ஐயா,

சிங்கப்பூர் துவாஸில் இருக்கும் எங்கள் தொழிற்கூடத்தின் 22 கிலோவோல்ட் சுவிட்ச்கியருக்கு (மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் பிரேக்கர் தொகுதிக்கு) டிசி, அதாவது நேர்மின்சாரம், கொடுக்கும் பேட்டரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் ஆட்கள்தான் சோதிக்கிறார்கள். கடைசி நான்கு அறிக்கைகளிலும் "124.7 வோல்ட், நல்ல நிலை" என்றே இருக்கிறது.

வருடாந்தர மின்நிறுத்தத்தில் சார்ஜரை அணைத்து 10 ஆம்பியர் சுமை கொடுத்தோம். 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரம் தாங்க வேண்டும். 38 நிமிடத்திலேயே 94.5 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. பேட்டரியின் 54 செல்லுக்கும் தலா 1.75 வோல்ட் என்பது கடைசி எல்லை, அதோடு நிறுத்தினோம்.

சார்ஜர் ஓடும்போது மீட்டர் காட்டுவது சார்ஜரின் வோல்ட். பேட்டரியின் நிலை அதில் தெரியாது. கேபிளில் ஷார்ட் ஆனால் சார்ஜருக்கு வரும் ஏசி வோல்ட் சரியும், சார்ஜரும் கூடவே போகும். பிரேக்கரை ட்ரிப் செய்ய, அதாவது திறந்து மின்சாரத்தைத் துண்டிக்க, பேட்டரி மட்டுமே மிஞ்சும். அந்த நொடியில் அது கைவிட்டால், பிரேக்கருக்குக் கட்டளை தரும் ரிலே பழுதைக் கண்டும் பயனில்லை. மின்சாரம் வரும் பக்கத்தில் அடுத்துள்ள பிரேக்கர் திறக்கும்வரை பழுது எரிந்துகொண்டே இருக்கும். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

பேட்டரியில் ஆறு ஆறு செல்லாக உள்ள ஒன்பது 12 வோல்ட் பிளாக்குக்கும் நீங்கள் எழுதியது ஒரே அளவு: 13.86. 124.7ஐ ஒன்பதால் வகுத்தால் அதுதான் வரும். தனித்தனியாக அளந்தால் ஒன்பதும் ஒன்றுபோல் வரவே வராது. எட்டாவது பிளாக்கின் பக்கச்சுவர் உப்பி, முனையில் வெள்ளைப் பூச்சு ஏறி, அடியில் கசிந்த அமிலம் இரும்புத் தாங்கியின் வண்ணத்தைத் தின்றிருக்கிறது. கண்ணால் பார்த்தாலே தெரியும். எர்த்துக்கு நேர்முனை 101, எதிர்முனை 23 வோல்ட் காட்டியது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 101ஐ 13.86ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல், அதாவது நேர்முனையிலிருந்து ஏழு பிளாக்கைத் தாண்டிய இடம். எர்த் கசிவும் அதே எட்டாவது பிளாக்கில்தான்.

காரணமும் கிடைத்தது. பேட்டரியின் வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்க உதவும் சார்ஜரின் வெப்ப சென்சர் கேபிள் சுருட்டி, டை கட்டியபடி சார்ஜர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அறை வெப்பம் 34 டிகிரி. 25 டிகிரிக்குச் செல்லுக்கு 2.27 வோல்ட், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 3 மில்லிவோல்ட் குறைத்தால் 54 செல்லுக்கு 121 வோல்ட்தான் வேண்டும். 124.7இல் வைத்து பேட்டரியைக் காய்ச்சியிருக்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது: இரண்டு நாளுக்குள் தற்காலிக பேட்டரி வர வேண்டும். பிறகு ஒன்பது பிளாக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் புதியதும் கெடும். சென்சரை நடு பிளாக்கில் பொருத்தி, எங்கள் உரிமம் பெற்ற மின்பொறியாளர் முன்னிலையில் சுமைச் சோதனை செய்து, பிளாக் வாரியான அளவுகளைத் தர வேண்டும். டிசி 108 வோல்ட்டுக்குக் கீழே போனாலும், சார்ஜர் நின்றாலும், காவலர் அறையில் தனித்தனி அலாரம் ஒலிக்க வேண்டும். நான்கு அறிக்கைகளுக்கும் கொடுத்த கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்.

எழுத்துப்பூர்வ பதிலை ஏழு நாளுக்குள் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
துணைமின்நிலையப் பொறுப்பாளர்